தொட்டில் படம்

ஆலை வாசலில் அந்தத் தாலாட்டு ஒலித்ததும் உமையாளுக்கு உடம்பே கூசிப்போனது.

அது அவள் செய்த கருவி. பெயர் 'துளி'. தலைமுடிக்குக் குத்துகிற கிளிப் அளவில் ஒரு சின்னப் பொருள். போனின் கேமரா மேல் மாட்டிக்கொள்ளலாம். கூடவே பத்து ரூபாய்க்கு ஒரு காகிதச் சீட்டு. சீட்டில் பெருவிரலை அழுத்தினால் வியர்வை ஒட்டும். அதைக் கிளிப்பில் செருகினால் போன் வெளிச்சம் அதன் வழியாகப் பாய்ந்து, உடம்புக்குள் என்ன ஊறுகிறது என்று சொல்லிவிடும். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், லேப் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம். காமாலைக்கு ஒரு சீட்டு, டெங்குவுக்கு ஒரு சீட்டு என்று வந்த சில வருஷங்களிலேயே பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டோடு சேர்ந்து தொங்க ஆரம்பித்துவிட்டது. கர்ப்பச் சீட்டுதான் உமையாளின் செல்லம். ரோடு இல்லாத மலையூர் நர்சுகளுக்காக அவள் ராப்பகலாக உட்கார்ந்து செய்தது. சீட்டு கர்ப்பம் என்று கண்டால் திரையில் ஒரு தொட்டில் ஆடும். கூடவே தாலாட்டு மெட்டு ஒன்று கேட்கும். கொல்லிமலையில் முதல்முதலாக அதைக் கேட்ட ஒரு பெண் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாளே, அந்தச் சிரிப்பைப் பார்த்து அன்றைக்கு உமையாளும் அழுதாள்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை.

வேடசந்தூர் பக்கத்தில் ஒரு நூற்பாலை அது. மாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பிய பெண் பிள்ளைகள் கையில் பையும் தலையில் வாடிய பூவுமாக வரிசையில் நின்றார்கள். எல்லாம் பதினெட்டு, இருபது வயசுப் பிள்ளைகள். ஒவ்வொருத்தியும் பெருவிரலைச் சீட்டில் அழுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் விரல் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"சென்னையிலேர்ந்து இன்ஜினியர் மேடம் வந்திருக்காங்க" என்று வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார் வார்டன் சகுந்தலா. "மிஷின் பொய் சொல்லுதுன்னு சொன்னீங்கள்ல? பாருங்கடி." பெட்டியோடு வருகிற சோதனைச் சீட்டு ஒன்றை எடுத்துக் கிளிப்பில் செருகினார். தொட்டில் ஆடியது. தாலாட்டு கேட்டது. வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அதை நிறுத்துங்க" என்றாள் உமையாள்.

"மேடம்?"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

உமையாளுக்குக் கோபம் மூக்குக்கு மேல். காரைக்குடியில் அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் இன்றைக்கு வந்த கோபம் அவளுக்கே புதுசு. யார் மேல் பாய்வது என்றுதான் தெரியவில்லை.

வார்டன் அறையில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "இதை உங்களுக்கு யார் வித்தாங்க?"

"உங்க கம்பெனிதான். 'மகளிர் நலப் பெட்டி'ன்னு வந்துச்சு. ரத்த சோகைச் சீட்டும் இருக்கு. அதை யாரும் பிரிக்கலை." சகுந்தலா டீயை நகர்த்தி வைத்தார். கெட்ட மனுஷி மாதிரி தெரியவில்லை, அதுதான் உமையாளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "மேடம், இது வயசுப் பிள்ளைங்க. பெத்தவங்க நம்மளை நம்பி வுட்டுட்டுப் போறாங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

"என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பொங்கலுக்குப் போயிட்டு வந்தப்ப ஒரு பிள்ளைக்குத் தொட்டில் காட்டிருச்சு. நாகஜோதின்னு பேரு. ரிங் பிரேம்ல நூல் சுத்துற பிள்ளை. சாமி மேல சத்தியம் பண்ணுச்சு, நான் அப்படி இல்லைன்னு. எல்லாம் அப்படித்தான் சொல்லும். அனுப்பிட்டோம். இதுங்க என்னடான்னா, மிஷின் பொய் சொல்லுது, ஜோதி அப்படிப்பட்டவ இல்லைன்னு வேலையை நிறுத்திட்டு உக்காந்துருச்சுங்க. மிஷினைச் செஞ்சவங்களே வந்து மைக்குல சொல்லட்டும்னு மேனேஜர் சொல்லிட்டாரு. துளி பொய் சொல்லாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க மேடம்."

"ஸ்கேன் எடுத்தீங்களா?"

சகுந்தலா உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். "எதுக்கு மேடம்? உங்க மிஷின்தான் தொட்டில் காட்டிருச்சே."

உமையாளுக்குச் சுருக்கென்றது.

"வயிறும் லேசா உப்பித்தான் இருந்துச்சு" என்று சகுந்தலா தொடர்ந்தார். "அதுக்கு முன்னாடியே வலிக்குது வலிக்குதுன்னு லீவு போட்டுக்கிட்டே இருந்துச்சு. நடிப்புன்னு நினைச்சோம்."

"வலியா? எங்க வலி?"

"அடிவயித்துல. ஒரு பக்கமா."

உமையாள் டீயைத் தொடவில்லை. "அந்தப் பொண்ணு ஊர் எது?"

"கமுதிப் பக்கம். மேடம், மைக்…"

"உங்க மைக்கை நீங்களே வச்சுக்கங்க."

கார் கிளம்பியதும் சத்தியசீலனுக்குப் போன் போட்டாள். காலேஜில் பக்கத்துப் பெஞ்சு. இரண்டு பேரும் ஒரு கார் ஷெட்டில் ஆரம்பித்த கம்பெனி. அவள் கருவியைப் பார்த்துக்கொள்வாள், அவன் வியாபாரத்தை.

"மில்லு கேட்ல வச்சு புள்ளைங்க விரலைப் பிடிச்சு அழுத்தறாங்கடா. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"உமா, கொஞ்சம் மெதுவா பேசு. வாங்கினவங்க எங்க வச்சுப் பயன்படுத்தறாங்கன்னு நாம எப்படிப் பார்க்க முடியும்? கத்தி விக்கிறவன்…"

"கத்திக் கதையை என்கிட்ட விடாத. ஆர்டர் வந்தப்போ டெலிவரி அட்ரஸ் மில்லுன்னு உன் கண்ணுல படலை?"

அவன் பேச்சை மாற்றப் பார்த்தான், அவள் விடவில்லை.

"அந்த எண்ணை எதுக்குடா எடுத்தோம்?" என்று கேட்டாள்.

அதுதான் அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. முதலில் செய்த துளியில் தொட்டில் கிடையாது, ஓர் எண்தான் வரும். உடம்பில் அந்தக் கர்ப்ப ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்கிற அளவு. சத்தியசீலன்தான், நம் ஜனங்களுக்கு எண்ணெல்லாம் எதற்கு, குழம்பிப்போவார்கள், படமாகப் போடு என்றான். அவள் ஒரு வாரம் சண்டை போட்டாள். கடைசியில் படத்தைச் சும்மா போட்டுப் பார்த்தபோது கொல்லிமலைப் பெண் சிரித்த சிரிப்பில் விட்டுக்கொடுத்தாள். அதற்கப்புறம் கொஞ்சம் இருந்தாலும் தொட்டில்தான், குடம் குடமாக இருந்தாலும் தொட்டில்தான்.

"எண் இருந்தா மட்டும் அந்த வார்டனுக்குப் புரிஞ்சிருக்குமா?" என்றான் சத்தியசீலன்.

"யாராவது ஒருத்தருக்குப் புரிஞ்சிருக்கும்டா! ஒரு நர்சுக்கு, பக்கத்து பெட்டுல படுத்திருந்த புள்ளைக்கு, யாராவது ஒருத்தருக்கு! 'என்ன இது இவ்வளவு வருது'ன்னு ஒரு ஜீவனாவது கேட்டிருக்கும். ஜனங்களுக்குப் புரியாதுன்னு நாமளே முடிவு பண்ணிட்டு அவங்க கண்ணைக் கட்டி வச்சிருக்கோம்."

போனைத் தூக்கிப் பின் சீட்டில் எறிந்தாள்.

கமுதியைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவே அந்த ஊர். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே படவில்லை. நாகஜோதி என்று கேட்டதும் டீக்கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கை காட்டினார்கள். அந்தச் சிரிப்புக்கு நாலு அறை விட வேண்டும்போல இருந்தது உமையாளுக்கு.

ஜோதியின் அம்மா பாண்டியம்மா கதவை முழுசாகத் திறக்கவில்லை. "மில்லுலேர்ந்தா? பண்ணினது பத்தாதா? எங்க மானம் மருவாதியெல்லாம் கப்பலேறிப் போச்சு. இன்னும் என்ன இருக்கு எடுத்துட்டுப் போக?"

"நான் மில்லு இல்லைம்மா. அந்த மிஷினைச் செஞ்சவ."

பாண்டியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அந்தப் புண்ணியவதி" என்றார். அடித்திருந்தால்கூட உமையாளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

உள்ளே அடுப்பில் ஏதோ பச்சிலை கொதித்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்கக் கசப்பு வாடை. மூலையில் பாயில் சுருண்டு கிடந்தாள் நாகஜோதி. கையிலும் கழுத்திலும் அடிபட்ட தடிப்பு. உதடு வெளுத்திருந்தது. வயிறு மட்டும் அந்த ஒல்லி உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் மேடிட்டுக் கிடந்தது.

"எத்தனையோ கசாயம் கொடுத்தாச்சு" என்றார் பாண்டியம்மா. "அசைய மாட்டேங்குது. நாளைக்கு அருப்புக்கோட்டையிலேர்ந்து ஒரு பொம்பளை வருது, வயித்தைக் கழுவ. எவன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்குறா. அவங்கண்ணன் அருவாளைத் தீட்டிக்கிட்டுத் திரியுறான். யார வெட்டணும்னு தெரியாமத்தான் இன்னும் யாரையும் வெட்டலை."

"எவனும் இல்லைன்னா யாரைச் சொல்ல?" என்றாள் பாயில் கிடந்தவள். குரலில் அழுகை இல்லை. அழுது தீர்த்துவிட்ட குரல். "அக்கா, நீங்க செஞ்ச மிஷின்தானே? அதுக்கிட்டயே கேளுங்க, எவன்னு."

உமையாள் பையிலிருந்து தன்னுடைய பழைய கிளிப்பை எடுத்தாள், எண் காட்டுகிற கிளிப். வியர்வையைவிடச் சிறுநீரில் எண் சரியாக வரும் என்பதால், ஒரு தம்ளரில் பிடித்து வரச் சொன்னாள். ஜோதி சுவரைப் பிடித்துக்கொண்டே போய் வந்தாள். ஒரு சொட்டைச் சீட்டில் விட்டுச் செருகியதும் எண் வந்தது.

இரண்டு மாசக் கர்ப்பத்துக்கு வழக்கமாக வருகிற எண்.

"பாத்தீங்களா?" என்றார் பாண்டியம்மா. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. நல்ல செய்தி வரும் என்று ஏதோ ஒரு மூலையில் நம்பியிருப்பார் போல, அது செத்துப்போன குரல். ஜோதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உமையாள் எண்ணையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு மாசத்துக்கு இந்த வயிறா? திடீரென்று ஏதோ தட்டுப்பட்டது. "கொதிக்க வச்சு ஆறின தண்ணி இருக்காம்மா?" என்று கேட்டாள். தம்ளரிலிருந்து கொஞ்சம் எடுத்து அதில் நிறையத் தண்ணீர் கலந்தாள். புதுச் சீட்டில் ஒரு சொட்டு விட்டாள்.

எண் ஏறியது.

இன்னும் தண்ணீர் கலந்தாள். இன்னும் ஏறியது. அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜோதியின் வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன தாயி? என்ன ஆச்சு?"

"அம்மா, பால்ல தண்ணி கலந்தா பால் நீர்த்துத்தானே போகும்? இது ஏறுது. ஏன்னா…" எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிஷம் தடுமாறினாள். "கல்யாண வீட்ல பந்திக்கு ஒரேயடியா கூட்டம் முண்டுச்சுன்னா வாசல்லயே நெரிச்சுக்கிட்டு நிப்பாங்க, ஒருத்தரும் இலையில உக்கார முடியாது. இலையில இருக்கறவங்களை மட்டும் எண்ணினா கூட்டமே இல்லாத மாதிரி தெரியும். இந்தச் சீட்டும் இலையைத்தான் எண்ணும். தண்ணி ஊத்திக் கூட்டத்தைக் குறைச்சு விட்டேன். இப்பத்தான் ஒவ்வொருத்தரா உக்கார்றாங்க. இப்பத்தான் எவ்வளவு கூட்டம்னு தெரியுது. எந்தக் கர்ப்பத்துலயும் நான் இவ்வளவு பார்த்ததில்லைம்மா."

"அப்ப?"

"நான் டாக்டர் இல்லை. ஆனா சினைப்பையில வர்ற சில கட்டிங்களும் இதே பொருளைச் சுரக்கும். ஒரு ஆம்பளை நிழல்கூடப் படாத பொண்ணுக்கும் வரும். அந்தக் கட்டி வயித்துக்குள்ள உடைஞ்சா உயிர் நிக்காது. நாளைக்கு அந்தப் பொம்பளை வந்து கையை வச்சா உங்க பொண்ணு செத்துருவா. இப்பவே மதுரைக்குக் கிளம்பணும்."

ஜோதி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. உமையாளையும் பார்க்கவில்லை. அடுப்பில் கொதித்த சட்டியைத்தான் பார்த்தாள். எட்டிக் காலால் ஓர் உதை விட்டாள். கசாயம் தரையெல்லாம் ஓடியது.

மதுரை பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா உடனே ஆபரேஷனுக்கு எழுதினார். வலது சினைப்பையில் தேங்காய் அளவில் கட்டி. புற்று. ஏற்கனவே ஓர் ஓரத்தில் கசிய ஆரம்பித்திருந்தது. "ரெண்டு நாள் விட்டிருந்தா நீங்க பிணத்தைத்தான் கொண்டு வந்திருப்பீங்க" என்றார். கட்டியை எடுத்துவிட்டார்கள். இனி மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும், பிழைத்துக்கொள்வாள் என்று நம்பிக்கை சொன்னார்கள்.

இதைக் கேட்டுவிட்டுப் பாண்டியம்மா வார்டு வராந்தாவில் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். அழுகிறார் என்று நினைத்து உமையாள் தோளைத் தொட்டாள். பாண்டியம்மா நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கட்டிதானா தாயி? சத்தியமா கட்டிதானா?" என்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என் குலசாமி கைவிடலை. புத்துதானாம்! புள்ள இல்லையாம்!" போனை எடுத்து ஊருக்குப் போட்டார். வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்: "ஏலே மூத்தவனே, அருவாளை உள்ள வையிடா! உன் தங்கச்சிக்குப் புத்துடா! கேன்சருடா! டீக்கடையில நிக்கிற அத்தனை பயலுககிட்டயும் போயி சொல்லு!"

புற்றுநோய் வந்ததற்குச் சந்தோஷப்படுகிற ஒரு தாயை உமையாள் அன்றுதான் பார்த்தாள். அந்த அம்மாவைத் திட்டவும் மனசு வரவில்லை, கட்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை. இந்தச் சந்தோஷத்துக்குள் இவரைக் கொண்டுவந்து தள்ளினார்களே, அவர்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்த வரிசையில் தானும் நிற்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

செய்தி ஊரிலிருந்து மில்லுக்குப் போய், மறுநாள் காலையிலேயே சத்தியசீலன் கூப்பிட்டான்.

"உமா, கேள்விப்பட்டேன்! என்ன ஒரு கண்டுபிடிப்பு! பத்து ரூபாய்ச் சீட்டு ஒரு பொண்ணு உயிரைக் காப்பாத்திருச்சு! பத்திரிகைக்கு உடனே சொல்லணும். அப்புறம் ஒண்ணு, மில்லுக்காரங்க ரொம்பப் பயந்துட்டாங்க. அடுத்த பெட்டியில தொட்டிலோட கட்டிக்கும் ஒரு படம் போட்டுத் தர முடியுமான்னு கேக்கறாங்க. நோய் இருக்கற பொண்ணுங்களைக் கேட்லயே…"

"கேட்லயே என்ன?"

"அதாவது… முன்கூட்டியே தெரிஞ்சா நல்லதுதானே?"

"சீட்டுக் காகிதத்துல அந்த ஹார்மோனைப் பிடிக்கற பூச்சு இருக்கே, அதைக் கலக்கற பக்குவம் என் கைக்குள்ளதான் இருக்கு சத்யா" என்றாள் உமையாள். குரலை உயர்த்தவே இல்லை. "இனிமே எந்த மில்லுக்கும் ஒரு சொட்டுகூடக் கலந்து தர மாட்டேன். நீ கோர்ட்டுக்குப் போ, போலீசுக்குப் போ, எங்க வேணாலும் போய் முட்டிக்க." வைத்துவிட்டாள். மனசு கொஞ்சம் லேசானது. தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டோம், ஒரு பெண்ணின் உயிரையும் மானத்தையும் மீட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் தப்பொன்றும் இல்லை.

வார்டுக்குள் போனாள். ஜோதி விழித்திருந்தாள். மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ். அம்மா வராந்தாவில் கத்தினதெல்லாம் கேட்டிருக்கும்.

"எல்லாருக்கும் உண்மை தெரிஞ்சிருச்சு ஜோதி" என்றாள் உமையாள், படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து. "நீ தப்பு பண்ணலைன்னு இனிமே ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாருக்கும் தெரியும். அந்த மில்லையே உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கறேன்."

ஜோதி தலையை அவள் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"இது கட்டி இல்லாம, நெசமாவே புள்ளையா இருந்திருந்தா, நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

உமையாள் கமுதியில் அந்த முதல் எண்ணைப் பார்த்ததும் தன் மனசு எங்கே போனது என்று யோசித்துப் பார்த்தாள். 'ஓ, கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது' என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆறுதலாக இருந்தது. வயிறு அவ்வளவு பெரிதாக இல்லாமல் இருந்திருந்தால், அந்த ஆறுதலோடு கிளிப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு கார் ஏறியிருப்பாள். அடுப்பில் கசாயம் கொதித்துக்கொண்டே இருந்திருக்கும்.

"போன தீபாவளிக்குப் போயிட்டு வந்தப்ப ரெண்டு பேருக்குத் தொட்டில் வந்துச்சுக்கா" என்றாள் ஜோதி. குரல் கம்மிக்கொண்டு வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "அவளுகளுக்கு நெசமாவே புள்ளதான். மிஷின் சரியாத்தான் சொல்லுச்சு. அதனால நாங்க யாரும் வேலையை நிறுத்தலை. ஒருத்திகூட வாயைத் தொறக்கலை. நானும்தான். பாட்டுக் கேட்டப்ப நானும் திரும்பிப் பார்த்துச் சிரிச்சேன்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"யாருக்குத் தெரியும்? ஒருத்தரும் கேக்கலையே."

உமையாள் நாற்காலியை இழுத்து ஜோதியின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"பேரைச் சொல்லு" என்றாள். "ஊர் தெரிஞ்சா ஊரையும் சொல்லு."